“அந்த ஹீரோவை ஏன் இப்படிப் பண்ணீங்க?” - ‘டியூன் மெசையா’ நாவலால் 1969-ல் தொடங்கிய சண்டை இன்னும் ஓயாதது ஏன்?

2024 மார்ச். ‘டியூன்: பார்ட் டூ’ முடிந்து தியேட்டரை விட்டு வெளியே வரும்போது நண்பன் கேட்ட முதல் கேள்வி, “மச்சி, அடுத்து என்னடா ஆகும்?”

நியாயமான கேள்விதான். பால் அட்ரெய்டிஸ் பேரரசன் ஆகிவிட்டான். மற்ற அரச குடும்பங்கள் அவனை ஏற்க மறுக்கின்றன. ஃப்ரெமென் படை விண்கலங்களில் ஏறுகிறது. சானி மட்டும் தனியாகப் பாலைவனத்தில், மணல்புழுவை எதிர்பார்த்து நிற்கிறாள். இப்படி ஓர் இடத்தில் படத்தை நிறுத்தினால் யாரால் சும்மா இருக்க முடியும்? என் அலமாரியில் இருந்த ‘டியூன் மெசையா’வை எடுத்து அவனிடம் கொடுத்தேன். “படிச்சிட்டு என்னைத் திட்டாதே” என்று மட்டும் சொன்னேன்.

பத்து நாளில் திட்டு வந்தது. “போர் எங்கடா?”

இதே கேள்வியோடுதான் நானும் கல்லூரியில் படிக்கும்போது இந்த நாவலை அறுபதாவது பக்கத்துக்குப் பக்கத்தில் மூடி வைத்தேன். எங்களுக்கு முன்னால் இன்னும் பல லட்சம் பேர் மூடி வைத்திருப்பார்கள். அறிவியல் புனைகதை வாசகர்கள் இரண்டு பேர் சந்தித்து, பேச்சு டியூன் பக்கம் திரும்பினால், இந்த இரண்டாம் நாவலில்தான் சண்டை வரும். ஒருவர் ‘தொடரிலேயே மோசம்’ என்பார். இன்னொருவர் ‘இதைப் படிக்கலைனா முதல் நாவலே உனக்குப் புரியலைனு அர்த்தம்’ என்பார். இரண்டு பேரும் ஒரே புத்தகத்தைத்தான் சொல்கிறார்கள்.

(இனி முழுக்க ஸ்பாய்லர்தான். மூன்றாவது படத்தை ஒன்றும் தெரியாமல் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.)

கதை என்ன?

முதல் நாவல் முடிந்து 12 வருடங்கள் கழித்துத் தொடங்குகிறது ‘டியூன் மெசையா’. பால் இப்போது பேரரசன் மட்டுமல்ல, கடவுள். அவன் பெயரைச் சொல்லி ஃப்ரெமென் படைகள் நடத்திய புனிதப் போர் பிரபஞ்சம் முழுக்கப் பரவி, கிட்டத்தட்ட முடியும் கட்டத்தில் இருக்கிறது. நாம் பார்க்க ஆசைப்பட்ட அத்தனை போர்க்களமும் இரண்டு புத்தகங்களுக்கு நடுவில், நம் கண்ணில் படாமலே முடிந்துவிட்டது.

அப்படியென்றால் நாவலில் என்னதான் இருக்கிறது? ஒரு சதித்திட்டம். பெனி ஜெஸரிட் மூதாட்டி ஒருவர், விண்வெளிப் போக்குவரத்தைக் கையில் வைத்திருக்கும் கில்டைச் சேர்ந்த எட்ரிக், விரும்பிய உருவத்துக்கு மாறக்கூடிய ஸைடேல், பாலின் பெயரளவு மனைவியான இளவரசி இருலான் என நான்கு பேர் உட்கார்ந்து பாலை வீழ்த்தத் திட்டம் போடுகிறார்கள். முதல் நாவலில் செத்துப்போன டங்கன் ஐடஹோவின் உடலில் இருந்து ‘ஹெய்ட்’ என்ற ஒருவனை உருவாக்கி, பாலுக்கே பரிசாக அனுப்புகிறார்கள். பழைய நண்பனின் முகம், ஆனால் பழைய நினைவு இல்லை. உள்ளுக்குள் கொலை உத்தரவு மட்டும் புதைந்திருக்கிறது.

கடைசியில் பால் கண்ணை இழக்கிறான். சானி இரட்டைக் குழந்தைகளைப் பெற்றுவிட்டு இறந்துபோகிறாள். கண் தெரியாதவர்கள் பாலைவனத்துக்குப் போய்விட வேண்டும் என்பது ஃப்ரெமென் வழக்கம். பேரரசனும் அதன்படியே தனியாக மணலுக்குள் நடந்து போகிறான். அவ்வளவுதான் கதை. முதல் நாவலின் நீளத்தில் பாதிகூட இல்லை.

முதல் கோபக்கார வாசகர்

இந்த நாவல்மீது முதலில் கோபப்பட்டது நாமெல்லாம் இல்லை. ஜான் டபிள்யூ. கேம்ப்பெல். அமெரிக்க அறிவியல் புனைகதை உலகில் இவர் சாதாரண ஆள் கிடையாது. 1937 முதல் ‘அஸ்டவுண்டிங்’ இதழின் ஆசிரியர். அதுதான் பின்னால் ‘அனலாக்’ என்று பெயர் மாறியது. ஐசக் அசிமோவ், ராபர்ட் ஹெய்ன்லைன் எல்லாம் இவர் கையில் வளர்ந்தவர்கள். டியூன் கதையை 1963 டிசம்பரில் தொடங்கி 1965 வரை இரண்டு தொடர்களாக வெளியிட்டதும் இவர்தான். புத்தகமாகப் போட இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் மறுத்து, கடைசியில் கார் ரிப்பேர் கையேடுகளுக்குப் பேர்போன சில்டன் நிறுவனம் 1965-ல் வெளியிட்ட கதை நிறைய பேருக்குத் தெரிந்திருக்கும். அத்தனை பேர் வேண்டாம் என்பதற்கு முன்பே ‘இது வேண்டும்’ என்று சொன்னவர் கேம்ப்பெல்.

அதே கேம்ப்பெல் இரண்டாம் நாவலை நிராகரித்தார். அவருடைய புகார் ரொம்ப எளிமையானது. வாசகர்கள் ஜெயிக்கிற ஹீரோவைத்தான் விரும்புவார்கள். நீங்கள் வளர்த்துவிட்ட ஹீரோவையே விதியின் கைப்பொம்மை ஆக்கிவிட்டீர்கள். நம்ம பாஷையில் சொன்னால், இன்டர்வெல் வரை மாஸ் காட்டிவிட்டு அதற்குப் பிறகு ஹீரோவை அழவிட்டால் யார் பார்ப்பார்கள் என்பதுதான் அவர் கேள்வி.

நாவல் போட்டி இதழான ‘கேலக்ஸி’யில் 1969 ஜூலை முதல் நவம்பர் வரை தொடராக வந்தது. அதே வருடம் புத்தகமும் ஆனது. கேம்ப்பெல் பயந்ததுதான் நடந்தது. முதல் நாவலைக் கொண்டாடிய வாசகர்களில் ஒரு பெரிய கூட்டத்துக்கு இது பிடிக்கவில்லை. ஹ்யூகோ, நெபுலா என இரண்டு பெரிய விருதுகளையும் வாங்கிய நாவலின் தொடர்ச்சி இது. எதிர்பார்ப்பும் அந்த அளவுக்கு இருந்ததால் ஏமாற்றமும் பெரிதாகத்தான் இருந்தது.

ஹெர்பர்ட் என்ன நினைத்தார்?

பணத்துக்காக அவசரமாக எழுதிய சீக்வல் என்று சிலர் நினைப்பதுண்டு. அது தப்பு. முதல் நாவல் முடிவதற்கு முன்பே இரண்டாம், மூன்றாம் நாவல்களின் பகுதிகளைத் தான் எழுதி வைத்திருந்ததாக ஃபிராங்க் ஹெர்பர்ட் பின்னாளில் சொன்னார். அவர் மனதில் மூன்றும் சேர்ந்து ஒரே கதை. முதல் நாவலில் ஹீரோவை ஏற்றிவிட்டு, இரண்டாவதில் இறக்குவதுதான் அவர் திட்டமே.

ஹெர்பர்ட் அடிப்படையில் ஒரு பத்திரிகையாளர். 1957-ல் ஓரிகன் மாகாணத்தின் ஃப்ளாரன்ஸ் நகருக்குப் பக்கத்தில் மணல்மேடுகள் நகர்வதைத் தடுக்க நடந்த முயற்சி பற்றி ஒரு கட்டுரை எழுதப் போனவர். அந்தக் கட்டுரை அச்சேறவே இல்லை. அதற்காகத் திரட்டிய குறிப்புகள்தான் டியூன் ஆனது. (எங்கள் டெஸ்க்கில் அச்சேறாத கட்டுரைகள் எத்தனையோ இருக்கின்றன. அதில் ஒன்றாவது இப்படி ஆகக்கூடாதா!) ஓர் அமெரிக்க செனட்டரிடம் உரை எழுதும் வேலையும் பார்த்திருக்கிறார். தலைவர்களை எப்படி உருவாக்குகிறார்கள் என்பதைச் சமையலறைக்குள் இருந்தே பார்த்தவர்.

அதனால்தானோ என்னவோ, வசீகரமான தலைவர்கள்மீது அவருக்குக் கடைசி வரை சந்தேகம் இருந்தது. அமெரிக்க அதிபர்களில் ஆபத்தானவர் கென்னடிதான், ஏனென்றால் மக்கள் அவரைக் கேள்வியே கேட்கவில்லை என்பார். நிக்ஸனோ, தலைவர்களை நம்பக் கூடாது என்று மக்களுக்குச் சொல்லிக்கொடுத்ததால் நல்லது செய்தவர் என்பார். கேட்பதற்குக் குதர்க்கமாக இருக்கும். ஆனால், டியூன் தொடரின் மொத்த அரசியலும் அதில் இருக்கிறது.

முதல் நாவலிலேயே குறிப்புகள் உண்டு. தன் கொடியின் கீழ் நடக்கப்போகும் படுகொலைகள் பாலுக்குக் கனவாகத் திரும்பத் திரும்ப வருகின்றன. பாலைவனத்தில் செத்துக்கொண்டிருக்கும் கைன்ஸின் மனதில், ஒரு ஹீரோவின் கையில் சிக்குவதுதான் ஓர் இனத்துக்கு நேரும் பெரிய கேடு என்று அவருடைய அப்பாவின் குரல் கேட்கிறது. எல்லாம் இருக்கிறது. ஆனால், மணல்புழு மேல் ஏறி நிற்கும் ஒருவனைப் பார்க்கும்போது இதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

ஏமாந்தவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது

இங்கேதான் ‘உனக்குப் புரியலை’ கோஷ்டியோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. ஆசிரியரின் நோக்கம் நல்லதாக இருந்தால் நாவலும் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை.

‘எல்லாரும் பேசிக்கிட்டே இருக்காங்க’ என்ற புகார் உண்மை. முதல் நாவலில் பாலைவனத்தின் வெக்கை நம் தொண்டையில் தெரியும். ஒரு சொட்டுத் தண்ணீருக்கு என்ன விலை என்று புரியும். இரண்டாவதில் பெரும்பாலான நேரம் நாம் அரண்மனை அறைகளுக்குள் அடைபட்டிருக்கிறோம். சதிகாரர்கள் ஒரு வாக்கியம் பேசினால் அடுத்தவர் அதில் உள்ள மூன்று அர்த்தங்களை யோசிக்கிறார். நண்பன் சொன்னதுபோல, “ஆபீஸ் மீட்டிங் மாதிரி இருக்கு.”

சானி பற்றிய புகார் இன்னும் வலுவானது. முதல் நாவலில் கத்தியோடு திரிந்தவள், இதில் குழந்தை வேண்டும் என்று ஏங்குவதும் அதைப் பெற்றுவிட்டுச் சாவதும்தான் வேலை. இருலான் ரகசியமாக அவளுக்குக் கருத்தடை மருந்து கொடுத்துவருகிறாள். பாலுக்கு அது தெரியும். பிரசவம் நடந்தால் சானி இறந்துவிடுவாள் என்று எதிர்காலத்தைப் பார்த்தவன் அவன். அதனால் அந்த மருந்து அவள் ஆயுளை நீட்டுகிறது என்று பேசாமல் இருக்கிறான். பாலின் காதலாகப் பார்த்தால் உருக்கமான விஷயம். சானியின் பக்கம் நின்று பார்த்தால், அவள் உடம்பைப் பற்றிய இவ்வளவு பெரிய உண்மை அவளுக்கு மட்டும் தெரியவில்லை. முதல்முறை படித்தபோது நான் பாலுக்காகத்தான் வருத்தப்பட்டேன். இரண்டாவது முறை கோபம்தான் வந்தது.

ஆனால், உண்மையான சண்டை வேறொரு காட்சியைப் பற்றியது. பால், ஸ்டில்காரைப் பழைய வரலாறு படிக்கச் சொல்லும் காட்சி. செங்கிஸ் கான் என்று ஒருவன் இருந்தான், 40 லட்சம் பேரைக் கொன்றிருப்பான் என்கிறான். ஹிட்லர் என்று இன்னொருவன், 60 லட்சத்துக்கும் மேல் என்கிறான். இந்த எண்ணிக்கையெல்லாம் ஸ்டில்காருக்குப் பெரிதாகவே படவில்லை. அப்போது பால் தன் கணக்கைச் சொல்கிறான். குறைத்துப் போட்டாலும் 6,100 கோடி உயிர்கள். 90 கிரகங்கள் உயிரே இல்லாமல் ஆகிவிட்டன. இன்னும் 500 கிரகங்கள் நொறுங்கிக் கிடக்கின்றன.

இன்றைய உலக மக்கள்தொகையைப்போல ஏழு மடங்குக்கும் மேல்! நாம் விசில் அடித்த ஹீரோவின் ஸ்கோர் கார்டு இது.

நாவலைக் கொண்டாடுகிறவர்கள் இந்தக் காட்சியைத்தான் முதலில் காட்டுவார்கள். முதல் நாவலில் பாலின் ஆசானாகவும் தோழனாகவும் இருந்த ஸ்டில்கார், எண்ணிக்கையைக் கேட்டுக்கூட அதிராத பக்தனாக மாறிவிட்டான். அந்த மாற்றம்தான் உண்மையான பயங்கரம் என்பார்கள். எதிர்ப்பவர்களும் இதே காட்சியைத்தான் காட்டுவார்கள். 6,100 கோடி சாவுகளை ஒரு பக்க உரையாடலில் சொல்லி முடித்தால் யாருக்கு வலிக்கும்? செத்தவர்களில் ஒருவரையாவது காட்டினீர்களா?

செத்தவர்களைக் காட்டவில்லை. ஆனால், போருக்குப் போய்வந்த ஒருவரைக் காட்டுகிறார் ஹெர்பர்ட். என்னைப்போல அவசரமாகப் படிக்கிறவர்கள் தாண்டிப்போய்விடும் ஓர் இடம் அது. ஃபாரோக் என்ற வயதான ஃப்ரெமென் வீரர். போருக்கு ஏன் போனார் தெரியுமா? கடவுளுக்காக இல்லை, பாலுக்காகவும் இல்லை. கடல் என்று ஒன்று இருக்கிறதாமே, அதைப் பார்க்க. தண்ணீரை உயிர்போல் சேமித்து வாழ்ந்த மனிதர், வேறொரு கிரகத்தில் கரையே தெரியாத தண்ணீருக்குள் இறங்குகிறார். குடித்துப் பார்க்கிறார். கசக்கிறது. உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வெளியே வரும்போது போர் என்ற வியாதி அவருக்குக் குணமாகிவிட்டது. அவருடைய மகன், இன்னொரு கிரகத்தின் போரில் கண்களை இழந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். ஃபாரோக் இப்போது சதிகாரர்கள் பக்கம்.

எனக்கு இந்த நாவலில் பிடித்த ஆள் இவர்தான். வருவது சில பக்கங்கள்தான். இவரைப்போல இன்னும் நான்கு பேர் வந்திருந்தால், இந்தச் சண்டையே இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று தோன்றுகிறது.

அப்போ பால் வில்லனா?

சமீபத்தில் டியூன் பக்கம் வந்தவர்களிடம் கேட்டால் சட்டென்று ‘ஆமாம்’ என்பார்கள். இதற்குக் காரணம் டெனி வில்நவ். ஹெர்பர்ட்டின் எச்சரிக்கையை முதல் நாவலின் வாசகர்கள் கவனிக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். அதனால் இரண்டாம் நாவலில் வரவேண்டிய சந்தேகத்தை முன்கூட்டியே எடுத்துவந்து, ஸெண்டாயா நடித்த சானியிடம் கொடுத்துவிட்டார். நாவலில் சானி கடைசிவரை பால் பக்கத்திலேயே இருக்கிறாள். படத்தில்தான் அவனை விட்டுப் போகிறாள். மூலத்தில் ‘ஜிஹாத்’ என்று ஹெர்பர்ட் எழுதிய சொல்லும் படங்களில் ‘புனிதப் போர்’ ஆகிவிட்டது.

இதனால் ஒரு வினோதம் நடந்திருக்கிறது. 1969-ன் வாசகர் ‘என் ஹீரோவை ஏன் அழித்தாய்?’ என்று கோபப்பட்டார். 2024-ல் படம் பார்த்துவிட்டு நாவலுக்கு வருகிறவரோ, ‘இவன்மீது ஏன் இவ்வளவு இரக்கம்?’ என்று கேட்கிறார். புத்தகம் மாறவில்லை, கோபம் மட்டும் திசை மாறிவிட்டது.

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கேம்ப்பெல் சொன்னது, ஹீரோவை ரொம்பவும் இறக்கிவிட்டார் என்று. என் புகார், போதுமான அளவு இறக்கவில்லை என்பதுதான். கடைசி அத்தியாயங்களைப் பாருங்கள். கண் போன பிறகும், ஏற்கெனவே பார்த்துவைத்த எதிர்காலத்தின் உதவியால் எதையும் தடவாமல் நடக்கிறான் பால். சானி இறந்ததும் அந்தப் பார்வையும் போய்விடுகிறது. ‘டங்கனைக் கொண்டுவந்ததுபோல சானியையும் திருப்பித் தருகிறேன், ராஜ்ஜியத்தைக் கொடு’ என்கிறான் ஸைடேல், குழந்தைகள்மீது கத்தியை வைத்துக்கொண்டு. சில நிமிடங்களே வயதான மகனின் கண்கள் வழியாகப் பார்த்து, கத்தியை வீசி அவனைக் கொல்கிறான் பால். பிறகு, தன் மக்களின் சட்டத்துக்குத் தலைவணங்கிப் பாலைவனத்துக்குப் போகிறான்.

உடம்பு சிலிர்க்கிறது. உண்மைதான். ஆனால் யாருக்காக? 6,100 கோடி பேரை ஒரு பக்கத்தில் கடந்துவிட்ட நாம், ஒருவனுக்காகக் கடைசிப் பக்கங்களில் கண் கலங்குகிறோம். கதைக்குள்ளும் இதுவே நடக்கிறது. கடவுள் வேஷத்தைக் கலைக்கத்தான் அவன் போகிறான். வழக்கத்தை மதித்துப் போனதாலேயே ஃப்ரெமென் மக்கள் மனதில் இன்னும் பெரிய புனிதன் ஆகிவிடுகிறான். ஹெர்பர்ட் நம்மை வேண்டுமென்றே இந்தப் பொறியில் சிக்கவைத்தாரா, அல்லது அவருக்கே பாலை வெறுக்க மனசு வரவில்லையா? நாவலை விரும்புகிறவர்கள் முதலாவதைச் சொல்வார்கள். நான் பாதிக்குப் பாதி என்பேன். ‘வில்லன்’ என்று முத்திரை குத்திவிட்டால் இந்தச் சிக்கல் எதுவும் நமக்கு வராது. அதனால்தான் அந்தப் பதில் கொஞ்சம் சோம்பேறித்தனமாகத் தெரிகிறது. போரை நிறுத்தத் தன்னால் முடியவில்லை என்று தெரிந்தும், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டிருந்தவனை என்னவென்று சொல்வது?

பிறகு என்ன ஆச்சு?

கேம்ப்பெல் 1971-ல் காலமானார். மூன்றாம் நாவல் ‘சில்ட்ரன் ஆஃப் டியூன்’ 1976-ல் வந்தது. எங்கே தொடராக வந்தது தெரியுமா? அதே ‘அனலாக்’ இதழில்! புத்தகம் பெஸ்ட்செல்லர் ஆனது. ஏழு வருடங்களில் வாசகர்கள் அப்படி என்ன மாறிவிட்டார்கள்? இடையில் அமெரிக்காவில் வாட்டர்கேட் நடந்து, 1974-ல் ஓர் அதிபர் ராஜினாமா செய்திருந்தார். நம்பிய தலைவர் சரிவதை டிவியிலேயே பார்த்துவிட்ட ஒரு தலைமுறைக்கு, பால் சரிவது அவ்வளவு அதிர்ச்சியாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு 2003-ல் வந்த டிவி குறுந்தொடர், இரண்டாம் நாவலையும் மூன்றாவதையும் ஒன்றாக இணைத்துவிட்டது. ‘மெசையா’வைத் தனியாக ஒரு முழுப்படமாக எடுக்கத் துணிந்தது வில்நவ்தான். ‘டியூன்: பார்ட் த்ரீ’ 2026 டிசம்பரில் வெளியாகும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. பாலாக திமொதி ஷாலமே தொடர்கிறார். ராபர்ட் பேட்டின்சன் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். பாலை விட்டுப் போன சானியைத் திரும்பக் கொண்டுவராமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. எப்படிக் கொண்டுவருவார் என்பதுதான் நாவல் படித்தவர்களுக்கும் தெரியாத சஸ்பென்ஸ்.

அதற்கு முன்னால் படிக்கலாமா? படிக்கலாம். ஆனால், படத்திலிருந்து நேராக இதற்குத் தாவாதீர்கள். முதல் நாவலின் கடைசிப் பகுதியையாவது படித்துவிட்டு வாருங்கள்; அதில் பால் எவ்வளவு பயந்துபோயிருக்கிறான் என்பது படங்களைவிடத் தெளிவாகத் தெரியும். சதிகாரர்கள் பேசும் ஆரம்ப அத்தியாயம் இழுத்தால் கவலைப்படாமல் வேகமாகத் தாண்டலாம். ஃபாரோக் வரும் இடத்தில் மட்டும் நிதானமாகப் போங்கள்.

நண்பனிடம் போன மாதம் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டேன். “இருடா, ரெண்டாவது தடவை ஓடிட்டு இருக்கு” என்றான். இப்போதும் பிடிக்கவில்லையாம். ஸ்டில்கார் காட்சி வந்ததும் மட்டும் போன் செய்து, “இவன் எப்படா இப்படி ஆனான்?” என்று கேட்டான்.